பதினோரு ஒன்று

பெயரை மட்டும் கேட்காதீர்கள், மற்றதெல்லாம் சொல்கிறேன். ஊரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘மிச்சம்’ என்றுதான் சொல்வார்கள். சங்கரன்கோவில் தேரடியில் நின்று மிச்சம் வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடும். எண் ஒன்று கண்ணில் பட்டால் போதும், எதனால் வகுத்தால் மிச்சம் வராமல் தீரும் என்று பார்க்காமல் அந்த இடத்தை விட்டு அசையமாட்டார். அதனால் வந்த பெயர் அது. அவருக்கு அதில் வருத்தமே கிடையாது. சில பேருக்கு ‘சொட்டை’ என்றும் ‘ஓட்டைவாய்’ என்றும் பட்டப்பெயர் இருந்த ஊரில் மிச்சம் எவ்வளவோ தேவலை.

எண்களில் அவருக்கு இரண்டே சாதி. மசிகிறவன், மசியாதவன். ஏதாவது ஒன்றால் வகுபட்டுவிட்டால் மசிகிறவன். எதற்கும் வகுபடாமல் விறைத்துக்கொண்டு நின்றால் மசியாதவன். எங்கள் வீட்டுக் கதவிலக்கம் ஐம்பத்தேழு. முதல் தடவை எங்கள் வாசலுக்கு வந்தபோது அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஆளு ஜம்முன்னு நிக்கான், ஆனா மூணைக் காட்டினா மசிஞ்சிருவான்” என்றார். வீட்டைப் பற்றி வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொண்ணூற்றேழின்மேல் அவருக்கு ஏக மரியாதை. தொண்ணூற்றொன்றைக் கண்டால் ஆகாது. “அவன் கள்ளப்பய. மூஞ்சியப் பாத்தா மசியாதவன் மாதிரியே இருப்பான், நம்பிராதிய” என்பார், ஏதோ தொண்ணூற்றொன்று அவர் வீட்டுக் கோழியைத் திருடிக்கொண்டு போனதுபோல.

ஆடித் தபசு வந்தால் பெண்கள் கோயிலில் ஆடிச்சுற்று சுற்றுவார்கள். நூற்றொன்று, ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று நேர்ந்துகொண்டு கொடியேற்றத்திலிருந்து பிரகாரத்தைச் சுற்றித் தீர்ப்பார்கள். அவர் தெருவில் ஒரு பெரியம்மை நூற்றொன்று நேர்ந்திருந்தாள். நாளைக்குப் பத்தாகப் பத்து நாள் சுற்றிவிட்டாள். ஒன்று நின்றுபோயிற்று. அதைக் கேட்டதிலிருந்து இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“நூத்தியொண்ணு யாருக்கும் மசியாதும்மா. முதல்லயே நூத்திரெண்டுன்னு நேந்திருக்கலாம்லா? ஆறு நாளைக்குப் பதினேழு பதினேழாப் போயிருக்கும்.”

“ஏன்வே, அம்மனுக்கு நேந்ததுல கூட்டுததுக்கும் கொறைக்கதுக்கும் நீரு யாரு? அம்புட்டு அக்கறை இருந்தா அந்த ஒண்ணை நீரே போயிச் சுத்தும்!”

போய்ச் சுற்றினார். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, நூறு பெண்களுக்கு நடுவில் ஒற்றை ஆளாக ஒரே ஒரு சுற்று. ஆம்பிளை சுற்றியது தன் நேர்ச்சையில் சேராது என்று அந்தப் பெரியம்மை மறுநாள் தானும் ஒன்று சுற்றினாள். “இப்ப நூத்திரெண்டு ஆயிட்டுல்லா!” என்று இவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்.

பிழைப்புக்கு ஒரு நூல் கிட்டங்கியில் குமாஸ்தாவாக இருந்தார். தறிகளுக்கு வேண்டிய நூல் பேல் பேலாக வந்து இறங்கும். ஒவ்வொரு பேலின் மேலும் ஓர் எண் இருக்கும். அதைச் சரிபார்த்து வாங்கி வைப்பது அவர் வேலை. பாம்புப் புற்றில் தவளையைக் காவல் வைத்த மாதிரியா, தவளைக்குப் பாம்பைக் காவல் வைத்த மாதிரியா தெரியவில்லை. பேலில் உள்ள எண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே சாக்குக் கட்டியால் எழுதிவிடுவார். ஒரு நாள் 23231 என்று ஒரு பேல் வந்தது. அதன் அடியில் 13 × 1787 என்று எழுதினார். அதை எடுத்துப் போன தறிக்காரர் அந்தப் பெருக்கல் குறியைத் தப்புக் குறியாகக் கண்டு, பதின்மூன்று கட்டு பழுது என்று கிட்டங்கிக்காரனே புள்ளி போட்டு அனுப்பியிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டார். பேலைத் திருப்பி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, கிட்டங்கி வாசலிலேயே பிரித்துப் பரத்தி, “எந்தப் பதிமூணு வே? காட்டும்!” என்று உட்கார்ந்துவிட்டார். பொழுது சாய்கிற வரைக்கும் கட்டுக் கட்டாகப் பார்த்தார்கள். ஒன்றுகூடப் பழுதில்லை.

“இனிமே ஒம்ம கையில சாக்குக் கட்டியப் பாத்தேன், மவனே, அதையே தின்னச் சொல்லிருவேன்” என்றார் முதலாளி.

சாக்குக் கட்டி போயிற்று. அதனால்தான் நோட்டு வாங்க எங்கள் கடைக்கு வர ஆரம்பித்தார்.

எங்கள் அப்பாவுக்கு ரத வீதியில் பேப்பர் கடை. சிலேட்டு, பலப்பம், நிப்பு, நோட்டு. கடைக்குப் பின்னால் வீடு. அப்பா ஆட்களை எடைபோடுவது நோட்டை வைத்துத்தான். கோடு போட்ட நோட்டு வாங்குகிறவன் சாதாரண ஆள். கோடு போடாத நாற்பது பக்க நோட்டை, தாள் வழவழப்பாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்குகிறவன் பெரிய ஆள். இவரோ அதை ஒரு வருஷத்துக்கு மேலாகத் தொடர்ந்து வாங்கினார். “இவ்வளவு எழுதுத பையன் கண்ட கண்ட இடத்துக்குப் போகமாட்டான்” என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வந்து பார்த்துப் போனவர்கள் எல்லாரும் பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டுப் போனவர்கள். அப்பா தன் கடை வாடிக்கைக்காரருக்கே சொல்லி அனுப்பினார்.

பங்குனியில் அவரும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த தேதித் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாக்காரி முழங்கையால் ஓர் இடி இடித்தாள். திடுக்கிட்டுத் திரும்பி, “ஆடிச்சுத்து சுத்துவியளா?” என்று கேட்டார்.

“சுத்துவேன்” என்றேன்.

“எத்தனை?”

“ஆயிரத்தொண்ணு. கொடியேத்தத்துல இருந்து தபசு வரைக்கும் பதினோரு நாளு. நாளைக்குத் தொண்ணூத்தொண்ணு.”

காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். “தொண்ணூத்தொண்ணை எப்படி எண்ணுவிய? தப்பிராதா?”

“பதிமூணு புளியமுத்தை இடது கையில வச்சுக்கிடுவேன். ஒரு சுத்துக்கு ஒண்ணா வலது கைக்கு மாத்துவேன். எல்லாம் மாறிட்டுன்னா மறுபடி இந்தக் கைக்கு. ஏழு தடவை மாத்தினா தொண்ணூத்தொண்ணு.”

“ஏழு பதிமூணு” என்றார் அவர், மெதுவாக. பிறகு தாயாரைப் பார்த்து, “முடிச்சிரும்மா” என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. மறைப்பானேன்? பெண் பார்க்க வந்தவர்களில் என் நிறத்தையும் கழுத்தையும் பார்க்காமல் என் எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். கதவுக்குப் பின்னால் போய் நின்று இடுக்கு வழியாகப் பார்த்தேன். அப்போதுதான் அவர் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது.

“ஒரு நேர்ச்சை பாக்கி இருக்கு அண்ணாச்சி” என்றார் அப்பாவிடம்.

“அண்ணாச்சின்னு சொல்லாதிய தம்பி, அப்புறம் எம்மக ஒங்களுக்கு மக முறை ஆயிருவா. மாமான்னு கூப்பிடுங்க. என்ன நேர்ச்சை? மொட்டையா, காவடியா?”

“வகுத்தல்.”

அவருடைய தாயார் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளே சொன்னாள். போன வருஷம் தையில் கல்யாணம் கல்யாணம் என்று இவள் பிடுங்கி எடுத்திருக்கிறாள். மகன் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப் போய், அம்மன் சன்னதியில் வேண்டிக்கொள்கிறவர்கள் உட்காரும் சக்கரக் குழியில் உட்கார்ந்து, “இந்தப் பதினோரு ஒண்ணையும் பிரிச்ச பெறவுதான் கழுத்துல மாலை ஏறும். கோமதி அம்மை சாட்சி” என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணியிருக்கிறார். “பதினோரு ஒண்ணுன்னா பதினொண்ணுதானேன்னு நெனச்சேன் மதினி. சாயங்காலத்துக்குள்ள பிரிச்சுப்புட்டு வந்து சாப்பிட்டுருவான்னுல்லா இருந்தேன்!” என்றாள் என் அம்மாவிடம்.

அப்பா கடையிலிருந்து ஒரு சிலேட்டு எடுத்து வந்தார். அவர் அதில் பதினோரு ஒன்றுகளை வரிசையாக எழுதினார். 11111111111. அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்: “ஆயிரத்து நூத்திப் பதினோரு கோடியே, பதினோரு லெட்சத்துப் பதினோராயிரத்து, நூத்திப் பதினொண்ணு.” வாசித்து முடித்ததும் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

விஷயம் இவ்வளவுதான். அவருக்கு ஒன்றை மட்டுமே அடுக்கி எழுதிய எண்களின்மேல் ஒரு மோகம். மூன்று ஒன்று மூன்று முப்பத்தேழு. நாலு ஒன்று பதினொன்று நூற்றொன்று. ஐந்து ஒன்று நாற்பத்தொன்று இருநூற்றெழுபத்தொன்று. ஏழு ஒன்றுகள் ஒரு வாரம் சண்டை போட்டுவிட்டு 239, 4649 என்று இரண்டாகப் பிரிந்தன. எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் மசிந்துவிட்டன. பதினொன்று மட்டும் மசியவில்லை. அவருக்கு ஒரு குறுக்கு வழியும் தெரிந்திருந்தது. ஐந்து ஒன்றுகளைப் பிரிக்கிற எண்கள் பத்தால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிறவை. ஏழு ஒன்றுகளைப் பிரிக்கிறவை பதினாலால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிறவை. ஆகையால் பதினோரு ஒன்றுகளைப் பிரிக்கிறவன் இருபத்திரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிறவனாகத்தான் இருப்பான் என்று வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு இருபத்திரண்டாகத் தாண்டி, மூன்று, ஐந்து, ஏழுக்கு மசிகிறவர்களைத் தள்ளிவிட்டு, ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். தினம் மூன்று வகுத்தல். என்னைப் பார்க்க வந்த அன்றைக்கு அறுபதாயிரத்தைத் தாண்டியிருந்தார்.

“எங்கன வரைக்கும் போகணும் தம்பி?” என்றார் அப்பா.

“ஒரு லெட்சத்து அஞ்சாயிரத்து நானூத்தி ஒம்பது. ரெண்டு நம்பரைப் பெருக்கி இது வரணும்னா அதுல சின்னவன் அதுக்குக் கீழதான் இருந்தாகணும். அங்கன வரைக்கும் சிக்கலைன்னா இவன் மசியாதவன்.”

“மசியாதவன்னா?”

“பிரிக்கவே முடியாது.”

“அப்ப நேர்ச்சை?”

அவர் சிலேட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

அப்பா குருக்களிடம் போய்ப் பரிகாரம் கேட்டார். குருக்கள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே யோசித்தார். “பால்குடம் எடுக்க முடியலேன்னா அதுக்கு ஒண்ணு சொல்வேன். அங்கப்பிரதட்சிணம் முடியலேன்னா அதுக்கும் ஒண்ணு உண்டு. வகுத்தலுக்கு நான் எங்கே போவேன்? இந்த ஸ்தலத்துல அம்பாள் சிவன், விஷ்ணு ரெண்டு சுவாமியும் ஒண்ணுன்னு பார்க்கத் தபசு இருந்தா. ஒம்ம மாப்பிள்ளை ஒண்ணை ரெண்டாக்கத் தபசு இருக்கார். நடக்கிறபடி நடக்கட்டும்” என்று தீர்த்தம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஆனிக்குள் முடித்துவிடுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். தினம் மூன்று போட்டவர் பத்துப் போட்டார். கிட்டங்கியில் சாப்பாட்டு நேரத்தில் போட்டார். முடிவெட்டிக்கொள்ளும்போது மடியில் நோட்டை வைத்துக்கொண்டு போட்டார், நாவிதர் ஒரு பக்கம் மட்டும் வெட்டிவிட்டு, “தலையத் திருப்பும்” என்று பத்து நிமிஷம் காத்திருந்தாராம். கடைக்கு வந்து ஒரு நோட்டு வாங்கும்போது நான் உள்ளேயிருந்து, “எங்கன நிக்கு?” என்று அம்மாவைக் கேட்கச் சொல்வேன். எழுபதாயிரம் என்பார். எண்பத்தோராயிரம் என்பார். எண் ஏற ஏற மீதி கிடக்கிற எண்கள் குறைந்துகொண்டே வந்தன. இதற்குள் புளியங்குடியிலிருந்து ஒரு வரன் வந்தது. எலுமிச்சம்பழக் கமிஷன் மண்டிக்காரர். ஒரு கூடை பழத்தோடு வந்து, மரியாதையாகப் பேசி, என்னிடம் ஒன்றும் கேட்காமல், பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமேயில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆனி கடைசியில் ஒரு மத்தியானம் இவர் கடைக்கு வந்தார். நோட்டுக் கேட்கவில்லை. சும்மா நின்றார்.

“பிரிஞ்சிட்டா?” என்றார் அப்பா.

“முடிஞ்சு போச்சு அண்ணாச்சி. கடைசி வரைக்கும் போயிட்டேன். மசியாதவன்.” கண்ணில் நீர் கோத்து நின்றது. அந்த நிலையிலும் அந்த மனுஷர் சும்மா இருக்கவில்லை. “என்னா ஒரு நம்பர் அண்ணாச்சி! பதினோரு ஒண்ணு, ஒருத்தனுக்கும் தலையைக் குடுக்கலியே!” என்றார்.

“நம்பர் கெடக்கட்டும்வே! எம்மக என்ன செய்வா?” அப்பாவுக்கு மாப்பிள்ளை மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. “ஆடி பொறந்துட்டா பேச்சில்ல. ஆவணி முத முகூர்த்தத்துல புளியங்குடிக்காரருக்குக் குடுத்துருதேன். எலுமிச்சம்பழத்துல வகுத்துப் பாக்குத வேலை இல்ல.”

அதற்குமேல் என்னால் கதவுக்குப் பின்னால் நிற்க முடியவில்லை. கடைக்குள்ளேயே வந்துவிட்டேன். அம்மா “ஏட்டி, ஏட்டி” என்று முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள்.

“போட்ட வகுத்தல் எல்லாம் சரியா?” என்றேன்.

அவர் நிமிர்ந்தார். “எங்கணக்குல தப்பு வராது.”

“யாரு சரிபார்த்தா?”

அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். ஊரில் உள்ள பேல், வண்டி, வாசல் எண் எல்லாவற்றையும் சரிபார்த்தவர், தன்னைச் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று நினைத்ததே இல்லை. “ஒருத்தரும் பாக்கல” என்றார்.

“நோட்டைக் குடுத்து விடுங்க” என்றேன்.

மறுநாள் அவருடைய தாயார் ஒரு சாக்குப் பையில் பதினாலு நோட்டைக் கொண்டுவந்து போட்டாள். மேலே ஒரு துண்டுத்தாள். ‘பக்கம் மடங்கக் கூடாது. தப்பு இருக்காது’ என்று எழுதியிருந்தது. எனக்கு வந்த முதல் காதல் கடிதம் அதுதான்.

ஆடி ஒன்றிலிருந்து உட்கார்ந்தேன். பலகையில் சிலேட்டை வைத்து, அவர் போட்ட ஒவ்வொரு வகுத்தலையும் நானும் போட்டேன். இருபத்து மூன்றில் ஆரம்பித்தேன். நாளைக்கு இருபது. என்ன எழுத்து என்கிறீர்கள்! முத்து முத்தாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதியோடு. முதல் நோட்டு முடிந்தது, ஒரு தப்பு இல்லை. இரண்டாம் நோட்டு முடிந்தது, இல்லை. பாவி மனுஷன் ஓர் இடத்திலாவது தப்பிப் போயிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கட்டிக்கொள்ளப் போகிறவன் தப்புப் பண்ணியிருக்க வேண்டும் என்று கோமதி அம்மனை வேண்டிக்கொண்ட பெண் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

அப்பா வந்து எட்டிப் பார்ப்பார். “போதும்ட்டி, கண்ணு போயிரும்” என்பார். அவருக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்திருக்கிறது. பலப்பம் தேயத் தேயக் கடையிலிருந்து புதிதாக எடுத்து வைத்துவிட்டுப் போவார்.

ஆடி முடிய ஏழெட்டு நாள் இருந்தது. மூன்றாம் நோட்டும் முடிகிற தறுவாய். அடுப்பில் பாலை வைத்துவிட்டு 21649-ஐப் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் மூன்று படியும் அவர் போட்டதும் நான் போட்டதும் ஒன்றுதான். நாலாவது படியில் 51741-இல் 43298-ஐக் கழிக்க வேண்டும். எனக்கு 8443 வந்தது. நோட்டில் 8433 என்று இருந்தது. ஒரு தடவை கடன் வாங்கிவிட்டு இரண்டு தடவை கழித்திருக்கிறார்! அந்த வரியை மறுபடி ஒரு தடவை கழித்துப் பார்த்தேன், 8443தான். அவர் கணக்கு அந்தத் தப்போடேயே போய், 20649 மிச்சம் என்று முடிந்து, குறுக்கே ஒரு கோடு போட்டுத் தள்ளப்பட்டிருந்தது. நான் தொடர்ந்து போட்டேன். கடைசிப் படியில் 194841 நின்றது. 21649-ஐ ஒன்பதால் பெருக்கினேன். 194841. மேலே அது, கீழே இது. கழித்தால் ஒன்றுமில்லை.

நான் போட்ட சத்தத்தில் அப்பா கம்போடு ஓடி வந்தார். “எங்கன? எங்கன பாம்பு?”

“பிரிஞ்சிட்டுப்பா!” என்றேன். பால் பொங்கி அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தது. ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. அப்பா சிலேட்டை அப்படியே தூக்கிக்கொண்டு, கடையைத் திறந்து போட்டபடி, கிட்டங்கிக்கு ஓடினார். வழியில் துண்டு விழுந்ததுகூடத் தெரியாது.

அவர் வந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. பின்னாலேயே இரைத்துக்கொண்டு அவருடைய தாயார். உட்கார்ந்து அந்த வகுத்தலை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். பிறகு 21649-ஐயும் 513239-ஐயும் பெருக்கினார். கடைசி வரியில் ஒன்று, ஒன்று, ஒன்று என்று வலதுபக்கத்திலிருந்து வரிசையாக வந்தது. பதினோராவது ஒன்றை எழுதிவிட்டுப் பலப்பத்தைக் கீழே வைத்தார். நோட்டில் அந்த 8433-ஐ விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“நான் எப்படி…” என்றார். “எனக்கு எப்படி இந்த மாதிரி…”

“என்ன தேதில போட்டிருக்க?” என்றாள் தாயார். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

“போன வருசம். ஆனி பதினேழு.”

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். சட்டென்று கையை வாயில் வைத்துக்கொண்டாள். “ஏலே! அன்னைக்குத்தானல குருவிகுளத்துக்காரரு வந்து உக்காந்திருந்தாரு!”

பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வருவதற்கு முந்திய வருஷம் குருவிகுளத்தில் ஒரு பெண்ணைப் பேசி, ஏறக்குறைய உறுதியாகியிருக்கிறது. நேர்ச்சை எப்போதுதான் முடியும் என்று பார்த்துப்போக அந்தப் பெண்ணின் தகப்பனார் வந்திருக்கிறார். இவர் வகுத்துக்கொண்டிருக்கிறார். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மழை இல்லாததையும் தன் ஆடுகளுக்கு வந்த சீக்கையும் ஒரு மணி நேரம் சொல்லியிருக்கிறார். “கொஞ்சம் சும்மா இருங்க” என்று இவர் ஏதோ கடுப்படித்திருக்கிறார். அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய், அந்த மாதமே பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்.

இன்னும் இரண்டே படி. அந்த மனிதர் இரண்டு படி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் எண் அன்றைக்கே பிரிந்திருக்கும். நேர்ச்சை தீர்ந்திருக்கும். குருவிகுளத்துப் பெண் அந்த வீட்டில் விளக்கேற்றியிருப்பாள். நான் புளியங்குடியில் எலுமிச்சம்பழம் பொறுக்கிக்கொண்டிருப்பேன். அதை நினைத்த மாத்திரத்தில் தலைகுனிந்து அழுதுவிட்டேன்.

“தப்புதான்” என்றார் அவர். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அப்போது மட்டும்தான். பிறகு எத்தனையோ வருஷம் கூட இருந்தேன், சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டதற்குக்கூட அவர் அதைச் சொல்லவில்லை.

புளியங்குடிக்காரருக்கு அப்பாவே நேரில் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவர் அதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு ஒரு மூட்டை எலுமிச்சை அனுப்பினார். ஆவணியில் முகூர்த்தம். முதல் பத்திரிகை அம்மன் பாதத்தில் வைத்தோம். இரண்டாவது பத்திரிகை தாய்மாமனுக்கு என்று அம்மா எடுத்தாள். எனக்கு வரப்போகிறவர் அதைத் தடுத்து வாங்கி, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக்கொண்டு குருவிகுளத்துக்கு பஸ் ஏறினார்.

அந்த மனிதர் கல்யாணத்துக்கு வந்திருந்தார். வருவாரா என்று எல்லாருக்கும் சந்தேகம். மனைவியோடும், கைக்குழந்தை வைத்திருந்த மகளோடும் வந்தார். மகள் பார்க்க லட்சணமாக இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பந்தியில் அவள் இலைக்கு இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொன்னேன், என்னால் முடிந்தது அதுதான்.

தாலி கட்டி முடிந்ததும் அவர் என்னை இழுத்துக்கொண்டு போய் அந்த மனிதர் காலில் விழுந்தார். மனிதர் பதறிப்போனார்.

“என்னய்யா இது? ஒங்க வீட்டுல இருந்து கோவிச்சிட்டுப் போனவனுக்கு ரெண்டாவது பத்திரிகை வச்சிய, வந்தேன். காலுல வேற விழுதிய. நான் என்ன செஞ்சேன்?”

“அன்னைக்கு நீங்க பேசுனியள்லா, அதுல நான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன். அதனாலதான் இவ எனக்குக் கெடைச்சா.”

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார், தன் மகளைப் பார்த்தார், மகள் மடியில் தூங்கிய பேரனைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மொதல்லயே சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு மணி நேரம் பேசியிருப்பேனே, மாப்ள” என்றார்.